இஃபிஹேனியா மார்ட்டினெஸ்: பதவிப் பட்டையைக் கொடுத்த பாட்டி மட்டும்தானா?

மேகலைவாசி எழுதியது:

2024 அக்டோபர் 1 அன்று மெக்சிகோவில் கிளாடியா ஷெயின்பாம் அதிபராகப் பதவியேற்ற காணொளியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். சக்கர நாற்காலியில், ஆக்சிஜன் உதவியோடு வந்திருந்த ஒரு மூதாட்டி அதில் இருந்தார். விடைபெறும் அதிபர் லோபஸ் ஒப்ரடோர் அதிபர் பதவியின் அடையாளமான மூவண்ணப் பட்டையைக் கழற்றி அவரிடம் கொடுத்தார். அவர் அதை ஷெயின்பாமிடம் கொடுத்தார். அடுத்த நாலாம் நாள், அக்டோபர் 5 அன்று, அந்த மூதாட்டி காலமானார். வயது 99.

காணொளியைப் பகிர்ந்தவர்கள் எல்லாம் "பாட்டி ஆசீர்வதித்துவிட்டுப் போனார்" என்கிற மாதிரிதான் எழுதினார்கள். எனக்கு அதில்தான் எரிச்சல். இஃபிஹேனியா மார்ட்டினெஸ் அங்கே இருந்தது வயதில் மூத்தவர் என்பதற்காக அல்ல. அவர் அப்போது நாடாளுமன்றக் கீழவையின் தலைவர். பதவி விலகுகிறவர் பட்டையை அவைத் தலைவரிடம் கொடுக்க வேண்டும், அவர் புதியவரிடம் கொடுக்க வேண்டும் என்பது அங்கே சட்டத்திலேயே இருக்கிற முறை.

அதைவிட முக்கியம், அவர் ஒரு கறாரான பொருளாதார அறிஞர். பிறந்தது 1925. மெக்சிகோவில் பெண்களுக்குத் தேசிய அளவில் வாக்குரிமை கிடைத்தது 1953இல். அதாவது உனாம் என்று எல்லோரும் சொல்லும் தேசிய தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்து, ஹார்வர்டு போய் அந்தத் துறையில் முதுகலை முடித்த முதல் மெக்சிகோப் பெண் என்ற பெயரோடு திரும்பி, லத்தீன் அமெரிக்காவுக்கான ஐ.நா. பொருளாதார ஆணையத்தின் மெக்சிகோ அலுவலகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவராக வேலை பார்த்த காலத்தில், சொந்த நாட்டின் அதிபர் தேர்தலில் ஓட்டுப் போட அவருக்கு உரிமை கிடையாது.

1960இல் அவருடைய புத்தகம் வந்தது. பொருள்: மெக்சிகோவில் வருமானப் பகிர்வும் பொருளாதார வளர்ச்சியும். அதை வைத்துத்தான் அவருடைய அரசியலைப் படிக்க வேண்டும், 2024 காணொளியை வைத்து அல்ல என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து இருந்தால் வாருங்கள்.

சின்னத்தம்பி77 எழுதியது:

அந்தப் புத்தகத்தில் அப்படி என்னதான் இருக்கிறது? ரெண்டு வரியில் சொல்லுங்களேன்.

மேகலைவாசி எழுதியது:

ரெண்டு வரியில் அடங்காது, முயற்சி செய்கிறேன்.

1950களின் நடுவிலிருந்து 1970 வரை மெக்சிகோவை "அதிசயம்" என்று உலகம் கொண்டாடியது. ஆண்டுக்கு 6 சதவீதத்துக்கு மேல் வளர்ச்சி. விலைவாசி அடங்கி இருந்தது. ஒரு டாலருக்கு 12.50 பெசோ என்று 1954இல் வைத்த விகிதம் 1976 வரை அசையவே இல்லை. ஆளுங்கட்சியான பி.ஆர்.ஐ.க்கு இதைவிட நல்ல விளம்பரம் வேண்டியதில்லை.

அந்த நேரத்தில் இவர் குடும்ப வருமானக் கணக்குகளை எடுத்துவைத்து, வளர்ச்சி யார் வீட்டுக்குப் போகிறது என்று பார்த்தார். நடுத்தட்டுக்குப் போகிறது, மேல்தட்டில் ஏற்கெனவே குவிந்து கிடக்கிறது, அடித்தட்டுக் குடும்பங்களின் பங்கு மட்டும் ஏறவில்லை என்று காட்டினார். வளர்ச்சி வந்தால் பகிர்வு தானாக வரும் என்ற அரசின் நம்பிக்கைக்கு எதிராக, அரசின் புள்ளிவிவரத்தையே சாட்சியாக நிறுத்தினார். இத்தனைக்கும் அவர் அரசுக்கு வெளியே இருந்து கல்லெறிந்தவர் அல்ல. அதே பி.ஆர்.ஐ. அமைப்புக்குள் இருந்தவர். கணவரும் பொருளாதார நிபுணர். நவரேத்தே என்ற கணவர் பெயரோடுதான் அந்தப் புத்தகம் வெளிவந்தது. பழைய நூலகப் பட்டியல்களில் மார்ட்டினெஸ் என்று தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்.

கல்லூரிச்சாலை எழுதியது:

நல்ல இழை. நான் பொதுநிதி பாடம் நடத்தியவன், அதனால் வரிப் பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன். அது இல்லாமல் இந்தக் கதை பாதிதான்.

1960களில் இந்த அம்மையார் மெக்சிகோ நிதி அமைச்சகத்துக்கு வரி விஷயங்களில் ஆலோசனை சொன்னவர். அப்போது நிதி அமைச்சர் அந்தோனியோ ஓர்ட்டிஸ் மேனா. அவர் 1960இல் கேம்பிரிட்ஜிலிருந்து பொருளாதார அறிஞர் நிக்கலஸ் கால்டோரை வரவழைத்து, வரி அமைப்பைப் பார்த்து அறிக்கை தரச் சொன்னார். கால்டோர் எழுதியதன் சாரம் இது: ஒரு ஆளின் சம்பளம், வாடகை, வட்டி, ஈவுத்தொகை எல்லாவற்றையும் தனித்தனியே வைத்து வரி போடுவதை நிறுத்துங்கள், மொத்தமாகச் சேர்த்துப் போடுங்கள். பங்குகள் யார் பெயரில் இருக்கின்றன என்று அரசுக்கே தெரியாத ஏற்பாட்டை ஒழியுங்கள்.

இரண்டாவதுதான் குத்தியது. அங்கே கம்பெனிப் பங்குகள் கையில் வைத்திருப்பவருக்கே சொந்தம். உரிமையாளர் பெயர் எங்கும் பதிவாகாது. பெயரே தெரியாத பணக்காரனிடம் எப்படி வரி கேட்பது? முதலாளிகள் முறுக்கிக்கொண்டார்கள், பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அரசு பயந்தது. அறிக்கை பல ஆண்டு வெளியே வரவில்லை. நீர்த்துப்போன சீர்திருத்தம்தான் வந்தது. 1972இல் அதிபர் எச்செவெர்ரியா ஆட்சியில் மறுபடி முயன்றார்கள், அதுவும் கடைசி நேரத்தில் கைவிடப்பட்டது.

இதே கால்டோர்தான் 1956இல் இந்தியாவுக்கும் வந்து அறிக்கை கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு 1957 பட்ஜெட்டில் செல்வ வரியும் செலவு வரியும் கொண்டுவந்தவர் நம்ம டி.டி. கிருஷ்ணமாச்சாரி. செலவு வரி 1962இல் போய், 1964இல் அவரே மறுபடி நிதி அமைச்சராக இருந்தபோது திரும்பி வந்து, 1966இல் ஒரேயடியாகப் போனது. செல்வ வரி 2015 வரை தாக்குப்பிடித்தது. கால்டோர் போன இடமெல்லாம் அறிக்கை சுத்தமாக இருக்கும், அமலாக்கம் அரைகுறையாக இருக்கும். ஆனால் இந்தியாவில் சட்டமாகவாவது ஆனது. மெக்சிகோவில் அமைச்சர் மேசை இழுப்பறையைத் தாண்டவில்லை. அதை உள்ளேயிருந்து பார்த்தவர் இஃபிஹேனியா. பிற்பாடு அவர் எதிர்க்கட்சிக்குப் போனதற்கு நான் இங்கேதான் விதையைத் தேடுவேன், 1968 மாணவர் இயக்கத்தில் அல்ல.

பவளமல்லி எழுதியது:

கல்லூரிச்சாலை ஐயா சொல்வது சுவாரசியம்தான், ஆனால் 1968ஐ இப்படி ஒதுக்கிவிட முடியாது.

இஃபிஹேனியா 1967இல் உனாமின் தேசியப் பொருளாதாரக் கல்லூரிக்கு இயக்குநரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். அடுத்த ஆண்டு ஜூலையில் மாணவர் இயக்கம் வெடித்தது. பொருளாதாரக் கல்லூரி என்றாலே இடதுசாரி மாணவர்களின் கோட்டை. அதை நிர்வாகம் செய்வது எப்படிப்பட்ட வேலை என்று யோசித்துப் பாருங்கள். செப்டம்பர் 18 இரவு ராணுவம் பல்கலைக்கழக நகரத்துக்குள் புகுந்தது. பல்கலைக்கழகத்தின் தன்னாட்சியை டாங்கிகளால் மிதித்தார்கள். அன்று பிடிபட்டவர்களில் மாணவர்கள் மட்டும் இல்லை, இஃபிஹேனியாவும் இருந்தார். பதவியில் இருக்கும் கல்லூரி இயக்குநர், ஆளுங்கட்சிக்காரர், நிதி அமைச்சகத்துக்கே ஆலோசனை சொன்னவர். எதுவும் காப்பாற்றவில்லை.

பல்கலைக்கழகத் தலைவர் பார்ரோஸ் சியெரா செப்டம்பர் 23 அன்று ராஜினாமா கொடுத்தார், ஆட்சிக்குழு ஏற்க மறுத்தது. மாத இறுதியில் ராணுவம் வெளியேறியது. அக்டோபர் 2 அன்று தலைநகரின் ட்லாட்டெலோல்கோ சதுக்கத்தில் திரண்டிருந்த மாணவர்களைச் சுட்டார்கள். பத்து நாள் கழித்து ஒலிம்பிக் தொடங்கியது, உலகம் கைதட்டியது.

இஃபிஹேனியா விடுதலையான பிறகும் 1970 வரை இயக்குநர் பொறுப்பில் இருந்தார். என்னைக் கேட்டால் அவர் வாழ்க்கையிலேயே கடினமான இரண்டு வருடங்கள் அவைதான். கைதானது ஒரு ராத்திரி. மாணவர்கள் சிறையில் இருக்கும்போது வகுப்பு நடத்துவது, தேர்வு வைப்பது, பயந்துபோன ஆசிரியர்களை உட்கார வைத்துப் பேசுவது எல்லாம் தினசரி வேலை. அதைப் பற்றி யாரும் காணொளி போடமாட்டார்கள்.

வடக்குவாசல் எழுதியது:

எல்லாம் சரி. ஒரு கேள்வி கேட்கிறேன், யாரும் கோபப்படக் கூடாது. 1968இல் ராணுவம் கைது செய்த பெண்மணி, 1976இல் அதே பி.ஆர்.ஐ. சார்பில் கீழவை உறுப்பினரானது எப்படி? 1968இல் உள்துறை அமைச்சராக இருந்த எச்செவெர்ரியா 1970இல் அதிபரே ஆகிவிட்டார். அவர் ஆட்சி முடிகிற வருடத்தில் இவர் அந்தக் கட்சி வேட்பாளர். இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

மேகலைவாசி எழுதியது:

நியாயமான கேள்வி, வடக்குவாசல்.

1929இலிருந்து 2000 வரை மெக்சிகோவில் அதிபர் பதவி ஒரே கட்சியின் கையில். பெயர் இரண்டு முறை மாறியது, ஆள் மாறவில்லை. அந்தக் கட்சிக்குள் நிலச்சீர்திருத்தம் பேசியவர்களும் இருந்தார்கள், போலீஸ் வைத்து அடித்தவர்களும் இருந்தார்கள். வெளியே போனால் ஊமையாகிவிடலாம், உள்ளே இருந்தால் ஒரு வரிச் சட்டத்திலாவது கை வைக்கலாம் என்று கணக்குப் போட்டவர்கள் அந்தத் தலைமுறையில் ஏராளம். இவரும் ஒருவர். அதைப் புனிதமாக்க நான் வரவில்லை. ஆனால் எந்த இடத்தில் பொறுமை தீர்ந்தது என்று பாருங்கள்.

1982இல் கடன் நெருக்கடி. பிறகு வந்த அதிபர் மிகெல் தெ லா மத்ரீத் செலவைச் சுருக்கினார், அரசு நிறுவனங்களை விற்க ஆரம்பித்தார். சம்பளத்தின் மதிப்பு சரிந்தது. 1986–87இல் குவாட்டெமோக் கார்டெனஸ், போர்ஃபீரியோ முன்யோஸ் லேடோ, இஃபிஹேனியா மூவரும் முன்னணியில் நின்று கட்சிக்குள் "ஜனநாயக நீரோட்டம்" என்ற அணியைத் தொடங்கினார்கள். அடுத்த அதிபர் வேட்பாளரைப் பதவியில் இருக்கும் அதிபர் விரல் நீட்டித் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தை நிறுத்து, பொருளாதாரப் போக்கை மாற்று என்று இரண்டு கோரிக்கை. கட்சி இரண்டையும் குப்பையில் போட்டது. விரல் கார்லோஸ் சலினாஸை நோக்கி நீண்டது. இவர்கள் வெளியேறினார்கள்.

சின்னத்தம்பி77 எழுதியது:

சலினாஸும் ஹார்வர்டுதானே?

மேகலைவாசி எழுதியது:

ஆமாம், எனக்கு ரொம்பப் பிடித்த இடமே அதுதான். தெ லா மத்ரீத் ஹார்வர்டில் முதுகலை. சலினாஸ் ஹார்வர்டில் முனைவர். அவருக்குப் பின் வந்த எர்னெஸ்டோ செடியோ யேலில் பொருளாதார முனைவர். படித்தவர்கள் ஆண்டால் நாடு உருப்படும் என்று நம் ஊர் டீக்கடையில் பேசுகிறவர்களை 1982 முதல் 2000 வரையான மெக்சிகோவுக்கு ஒருமுறை அனுப்பிவைக்க வேண்டும். தொலைபேசிக் கம்பெனி விற்பனை, வங்கிகள் விற்பனை, வட அமெரிக்க வணிக ஒப்பந்தம், 1994 டிசம்பரில் பெசோ விழுந்தது, வங்கிகளை மக்கள் பணத்தில் தூக்கி நிறுத்தியது, எல்லாம் இவர்கள் காலத்தில்.

இவர்களுக்கு ஒரு தலைமுறை முன்பே அதே ஹார்வர்டில் படித்த இஃபிஹேனியா எதிர்ப்பக்கம் நின்றார். எங்கே படித்தார் என்பதைவிட, வருமானப் பகிர்வு அட்டவணையை முதலில் திறக்கிறாரா, பற்றாக்குறை அட்டவணையை முதலில் திறக்கிறாரா என்பதுதான் ஆளைப் பிரிக்கிறது.

கல்லூரிச்சாலை எழுதியது:

செடியோவை அவ்வளவு சுலபமாக இந்தக் கூடையில் போடாதீர்கள், அம்மா. தன் வாரிசை விரல் நீட்டிக் காட்டும் வழக்கத்தைக் கைவிட்டு, 2000இல் தன் கட்சி தோற்றதை அன்றிரவே ஒப்புக்கொண்டவர் அவர். இஃபிஹேனியாவும் கூட்டாளிகளும் 1987இல் கேட்ட முதல் கோரிக்கை, அவர் கையால்தான் நிறைவேறியது. இரண்டாவது கோரிக்கைக்கு அவர் நேர் எதிர் என்பது உண்மை.

பவளமல்லி எழுதியது:

1988ஐ யாரும் சொல்லவில்லையே! ஜூலை 6 தேர்தல். ஓட்டு எண்ணிக்கையில், சலினாஸை எதிர்த்து அதிபர் பதவிக்கு நின்ற கார்டெனஸுக்குச் சாதகமான தகவல்கள் வர ஆரம்பித்ததும் கணினி அமைப்பு "விழுந்துவிட்டது". பிறகு சலினாஸ் 50 சதவீதத்துக்குச் சற்று மேல் வாங்கி வென்றதாக அறிவித்தார்கள். கார்டெனஸுக்கு 31 சதவீதம் என்றார்கள். 1991இல் வாக்குச்சீட்டுகளை எரித்தும்விட்டார்கள், இனி யாரும் எண்ணிப் பார்க்க முடியாது.

அதே தேர்தலில் மேலவையின் 64 இடங்களில் 60 பி.ஆர்.ஐ.க்கு. மீதி நாலு எதிர்க்கட்சிக்கு: மிச்சோஅகான் மாநிலத்தில் இரண்டு, தலைநகரில் இரண்டு. தலைநகரின் இரண்டு பேர் முன்யோஸ் லேடோவும் இஃபிஹேனியாவும். அறுபது பேருக்கு எதிரே நாலு பேர், அதில் ஒரு பொருளாதாரப் பேராசிரியை. 1989 மே மாதம் பி.ஆர்.டி. என்ற இடதுசாரிக் கட்சி பிறந்தபோது நிறுவியவர்களில் அவரும் ஒருவர்.

வடக்குவாசல் எழுதியது:

அதற்குத்தான் காத்திருந்தேன், பவளமல்லி. கணினி "விழுந்த" அன்று தேர்தலை நடத்திய உள்துறை அமைச்சர் யார்? மனுவேல் பார்ட்லெட். 2018 முதல் 2024 வரை லோபஸ் ஒப்ரடோர் ஆட்சியில் அரசு மின்வாரியத்தின் தலைவர் யார்? அதே மனுவேல் பார்ட்லெட். அந்த ஆட்சியை நடத்திய மொரேனா கட்சியின் அணியில் மேலவை உறுப்பினராக இருந்தவர் யார்? இஃபிஹேனியா.

தன் அணியின் ஓட்டைத் திருடியதாகக் குற்றம்சாட்டப்பட்டவரோடு ஒரே முகாமில் ஆறு வருடம். பிறகு 2024 செப்டம்பரில் அவர் கீழவைத் தலைவரான அதே மாதம், நீதிபதிகளை எல்லாம் தேர்தலில் தேர்ந்தெடுக்கும் அரசியல் சட்டத் திருத்தம் அவசர அவசரமாக நிறைவேறியது. நீதித்துறை ஊழியர்கள் அவைக் கட்டடத்தை முற்றுகையிட்டதால் ஒரு விளையாட்டரங்கில் கூட்டம் போட்டு ஓட்டெடுத்தார்கள். அறுபதுக்கு எதிரே நாலாக நின்றவரின் பெயர், எதிர்க்கட்சியை நசுக்கும் பெரும்பான்மையின் தலைமையில். 99 வயதில் அவரை அங்கே உட்கார வைத்தது மரியாதைக்காகவா, அலங்காரத்துக்காகவா? நான் அலங்காரம் என்பேன்.

நெறியாளர் எழுதியது:

விவாதம் நன்றாகப் போகிறது. நம் ஊர்க் கட்சிகளோடு ஒப்பிட்டு வந்த மூன்று பின்னூட்டங்களை நீக்கியிருக்கிறேன். அதற்கு வேறு இழைகள் இருக்கின்றன.

மேகலைவாசி எழுதியது:

பார்ட்லெட் விஷயத்தில் வடக்குவாசலுக்கு என்னிடம் பதில் இல்லை, இருக்கவும் தேவையில்லை. அது லோபஸ் ஒப்ரடோர் ஆட்சியின் கறை. அதைப் பொறுத்துக்கொண்டவர்கள் எல்லோர் மேலும் கொஞ்சம் தெறிக்கும், இவர் மேலும்தான்.

ஆனால் அலங்காரம் என்பதை ஏற்கமாட்டேன். அலங்காரத்துக்கு வைத்தவர்கள் பேச்சு எழுதிக்கொண்டு வரமாட்டார்கள். பதவியேற்பு அன்று படிப்பதற்காக அவர் ஓர் உரை தயாரித்திருந்தார். உடல்நிலை இடம் கொடுக்காததால் வாசிக்க முடியவில்லை, எழுத்தில் வெளிவந்தது. அதைத் தேடிப் படித்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

இன்னொன்று. அவர் சேர்ந்து நிறுவிய பி.ஆர்.டி., 2024 ஜூன் தேர்தலில் 3 சதவீத ஓட்டுக்கூட வாங்காமல் தேசியக் கட்சி என்ற பதிவை இழந்தது. அதாவது அவர் பட்டையைக் கையில் வாங்கிய நாளில் அந்தக் கட்சி தேசிய அளவில் இல்லை. கட்சியின் ஆட்களும் வாக்காளர்களும் மொரேனாவுக்குப் போய்ச் சேர்ந்து சில வருடம் ஆகியிருந்தது. இவரைக் கட்சி மாறியவர் என்று சொல்வதைவிட, கட்சி இவர் காலடியிலிருந்து கரைந்து போனது என்று சொல்வது நிலவரத்துக்கு நெருக்கம்.

கல்லூரிச்சாலை எழுதியது:

எனக்குப் பார்ட்லெட்டைவிடப் பெரிய முரண் வேறு இருக்கிறது.

இஃபிஹேனியாவின் 1960 கேள்வி வருமானப் பகிர்வு. அதற்கு அவர் காலத்துப் பொருளாதாரம் சொன்ன விடை வரி. அறுபது வருடத்துக்குப் பிறகு மெக்சிகோ அரசு வசூலிக்கும் மொத்த வரி, நாட்டு உற்பத்தியில் சுமார் 17 சதவீதம்தான். பெரும்பாலும் பணக்கார நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி.யின் சராசரி அதைப்போல இரு மடங்கு. அந்தப் பட்டியலில் மெக்சிகோ எப்போதும் அடிவாரத்தில்தான் நிற்கும். இடதுசாரிகள் 2018இல் ஆட்சிக்கு வந்தார்கள், பெரிய வரிச் சீர்திருத்தம் செய்யவில்லை. ஷெயின்பாமும் ஆழமான வரிச் சீர்திருத்தம் திட்டத்தில் இல்லை என்றே சொல்லிவந்தார். ஓர்ட்டிஸ் மேனா எதற்குப் பயந்தாரோ, அதே பயம்தான் இன்றும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பவளமல்லி எழுதியது:

ஆனால் பகிர்வு மாறியிருக்கிறதே ஐயா, வேறு பாதையில். 2018இல் ஒரு நாளைக்கு 88.36 பெசோவாக இருந்த குறைந்தபட்சக் கூலி 2024இல் 248.93 பெசோ ஆனது. முதியோர் ஓய்வூதியம் எல்லோருக்கும் போகிறது. வறுமையில் இருப்போர் 2018இல் 41.9 சதவீதம், 2024இல் 29.6 சதவீதம் என்று அரசுப் புள்ளிவிவர நிறுவனமே சொல்கிறது. கூலி உயர்ந்தால் வேலை போகும், விலை ஏறும் என்று முப்பது வருடம் பயமுறுத்திய முனைவர்கள் இப்போது என்ன சொல்கிறார்கள்?

கல்லூரிச்சாலை எழுதியது:

கூலி உயர்வை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், அது பெரிய சாதனை. ஆனால் கூலியை முதலாளி கொடுக்கிறார். மருத்துவமனையும் பள்ளியும் அரசு கொடுக்க வேண்டியவை, அதற்கு வரி வேண்டும். அதே புள்ளிவிவரத்தில் மருத்துவச் சேவை கிடைக்காதவர்களின் எண்ணிக்கை 2018ஐவிடக் கூடியிருக்கிறது என்பதையும் பாருங்கள். 1960இல் இந்த அம்மையார் கேட்ட கேள்வியின் பாதிக்கு மட்டும்தான் பதில் வந்திருக்கிறது.

சின்னத்தம்பி77 எழுதியது:

ஷெயின்பாமும் உனாம்தானே? ரெண்டு பேருக்கும் வேறு தொடர்பு உண்டா?

பவளமல்லி எழுதியது:

உண்டு. ஷெயின்பாம் உனாமில் இயற்பியல் படித்து, ஆற்றல் பொறியியலில் முனைவர் ஆனவர். 1986–87இல், அதாவது இஃபிஹேனியா பி.ஆர்.ஐ.க்குள் கலகம் செய்துகொண்டிருந்த அதே மாதங்களில், கட்டண உயர்வுக்கு எதிரான உனாம் மாணவர் இயக்கத்தில் இருந்தார். அவருடைய பெற்றோர் 1968 இயக்கத்தில் பங்குகொண்டவர்கள், தன்னை 68இன் மகள் என்றே சொல்லிக்கொள்வார். பதவியேற்ற மறுநாள் அக்டோபர் 2. ட்லாட்டெலோல்கோ படுகொலைக்கு அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டதுதான் அதிபராக அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று. 1968 செப்டம்பரில் ராணுவத்திடம் பிடிபட்டவர் கையிலிருந்து முந்தின நாள்தான் பட்டை வந்திருந்தது. இதை யாராவது திட்டமிட்டுச் செய்தார்களா என்றால், அதிபர் பதவியேற்பு டிசம்பர் 1லிருந்து அக்டோபர் 1க்கு மாறியது 2014 சட்டத் திருத்தத்தால். அதன்படி நடந்த முதல் பதவியேற்பு இது. தேதி தற்செயல். அவைத் தலைவராக இவரைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் இல்லை.

வடக்குவாசல் எழுதியது:

அப்படியானால் அலங்காரம் என்று நான் சொன்னதை நீங்களே நிரூபிக்கிறீர்கள், பவளமல்லி. நல்ல அலங்காரம் என்று வேண்டுமானால் ஒத்துக்கொள்கிறேன்.

சரி, கட்சி மாறுவதைப் பற்றிப் பேச வேண்டுமானால் உண்மையான ஆள் முன்யோஸ் லேடோ. 1975இல் பி.ஆர்.ஐ. தலைவர், 1990களில் பி.ஆர்.டி. தலைவர், 2000இல் அதிபரான வலதுசாரி ஃபாக்ஸுக்கு ஆதரவு, அவர் ஆட்சியில் ஐரோப்பிய ஒன்றியத்துக்குத் தூதர், 2018 டிசம்பரில் கீழவைத் தலைவராக லோபஸ் ஒப்ரடோருக்குப் பட்டையைக் கொடுத்தவர், பிறகு அவரையே திட்டித் தீர்த்தவர். அவர் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இஃபிஹேனியா அசையாத தூண். மேகலைவாசி, அவருக்கு ஒரு இழை தொடங்குங்கள், நான் முதல் ஆளாக வந்து சண்டை போடுகிறேன்.

மேகலைவாசி எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறேன். 1988 செப்டம்பர் 1 அன்று தெ லா மத்ரீத்தின் கடைசி ஆண்டு உரையை முன்யோஸ் லேடோ எழுந்து நின்று குறுக்கிட்டதிலிருந்து ஆரம்பிக்கலாம். அதுவரை அந்த உரையை யாரும் அப்படி இடைமறித்ததில்லை.